இரண்டு கிலோ கேரட்டும் பதினாறாம் தேதியும்

எங்கள் முதல் சுவிஸ் குளிர்காலம் இரண்டு கிலோ கேரட்டில் ஆரம்பித்தது.

சூரிச் ஏரியை ஒட்டிய ஒரு சின்ன ஊருக்குக் குடிவந்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது. மனைவிக்கு வேலை, மகளுக்குக் கிண்டர்கார்டன், இருவரையும் அனுப்பிவிட்டு எனக்கு ஜெர்மன் வகுப்பு. நவம்பர் முதல் வாரம் மகள் ஒரு சீட்டு கொண்டுவந்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா அம்மாவில் ஒருவர் வரவேண்டும். கரண்டி, சின்னக் கத்தி, பிஸ்கட் வெட்டும் அச்சு, அப்புறம் நல்ல பெரிய ‘ரேபெ’ ஒன்று எடுத்துவர வேண்டும்.

அகராதியைப் புரட்டியிருக்கலாம். மூளையைப் புரட்டினேன். கேரட்டுக்கு இங்கே ‘ரூயெப்லி’ என்று பெயர். சுவிஸ் ஜெர்மனில் எதையாவது சின்னதாகவோ செல்லமாகவோ சொல்லவேண்டுமானால் வால் பக்கம் ஒரு ‘லி’யை ஒட்டிவிடுவார்கள் என்று முந்தின நாள்தான் வகுப்பில் சொல்லித்தந்திருந்தார்கள். ஆக, ‘லி’யைக் கழற்றினால் பெரிய கேரட்! இலக்கணம் இவ்வளவு சீக்கிரம் கைகொடுக்கிறதே என்று எனக்கே பெருமை. கடையில் இருந்ததிலேயே தடித்த கேரட்டாகப் பார்த்து இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போனேன்.

போய்ப் பார்த்தால் ஒவ்வொரு பெற்றோர் முன்னாலும் குழந்தைத் தலை சைஸில் ஒரு டர்னிப். மேலே ஊதா, கீழே வெள்ளை. டீச்சர் என் பையை எட்டிப் பார்த்தார், முகத்தில் ஒரு சுருக்கம் கூட இல்லை. சிரிப்பை அடக்குவதில் இந்த ஊர்க்காரர்களை மிஞ்ச ஆளில்லை. பின்னால் இருந்த கூடையிலிருந்து ஒரு டர்னிப்பை எடுத்து என் கையில் வைத்தார். எனக்கு முன்னாலும் ஒரு கேரட் அப்பா வந்திருக்க வேண்டும்.

அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டர்னிப்பின் கொண்டையை வட்டமாக அறுத்து மூடி மாதிரி எடுத்துவைக்க வேண்டும். அப்புறம் கரண்டியால் உள்ளே சுரண்ட வேண்டும். தேங்காய் துருவுவது மாதிரிதான், ஆனால் துருவி உங்கள் கையில். அதுவும் ஈரமாக, வழுக்கிக்கொண்டு. சுவர் சுண்டுவிரல் கனத்துக்கு வரும்வரை சுரண்டினால் போதும். அதிகம் சுரண்டினால் ஓட்டை விழும், கம்மியாகச் சுரண்டினால் வெளிச்சம் வராது. அடுத்தது நுணுக்கமான வேலை. நட்சத்திர அச்சை ஊதாத் தோலின் மேல் லேசாக அழுத்தி, தோலை மட்டும் உரித்தெடுக்க வேண்டும். உள்ளே மெழுகுவத்தி வைத்ததும் தோல் உரிந்த இடம் மட்டும் மஞ்சளாக எரியும், மற்ற இடமெல்லாம் மங்கலான ஊதா. மூன்று நூல் கட்டிக் குச்சியில் தொங்கவிட்டால் ‘ரேபெலியெக்ட்லி’ தயார். டர்னிப் குட்டிவிளக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் இருட்டியதும் ஊர்வலம். போகிற தெருவிலெல்லாம் விளக்கை அணைத்துவிட்டார்கள். நாற்பது ஐம்பது குழந்தைகள், ஆளுக்கொரு டர்னிப், நடுங்கிக்கொண்டே ஒரு பாட்டு. மெழுகுவத்திச் சூட்டில் டர்னிப் லேசாக வேகும். முட்டைக்கோஸ் கூட்டு அடிப்பிடிப்பதற்கு ஒரு நிமிஷம் முன்னால் ஒரு வாசம் வருமே, தெரு முழுக்க அந்த வாசம். எங்கள் ஏரிக்கரையிலேயே ரிஷ்டர்ஸ்வில் என்ற ஊரில் நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை இதைப் பெரிய அளவில் செய்வார்கள். இருபது டன்னுக்கு மேல் டர்னிப் குடைந்து, வீடு, வாசல், கோபுரம் என்று எங்கும் ஏற்றிவைப்பார்கள். அதையும் போய்ப் பார்த்தோம், பிரமாதம்தான். ஆனால் இன்றைக்கும் என் நினைவில் முதலில் வருவது, கட்டைவிரல் காய்த்துப்போக நான் குடைந்த அந்தக் கோணல் நட்சத்திரம்தான்.

சுரண்டிய டர்னிப் வீணாகவில்லை. பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தேன். இரண்டு கிலோ கேரட் அல்வாவாகி அடுத்த வாரம் கிண்டர்கார்டனுக்கே போனது.

இது எங்களுக்கு ஐந்தாவது குளிர்காலம். ஊரிலிருந்து கூப்பிடுகிறவர்கள், “அந்தக் குளிர்ல வெளிய தலை காட்ட முடியுமா? என்னதான் பண்ணுவீங்க?” என்று கேட்பார்கள். புதிதாக இங்கே வருகிறவர்களும் அதையேதான் வேறு மாதிரி கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும், காபி போட்டுக்கொண்டு வாருங்கள்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். சுவிஸ் குளிர்காலம் என்றதும் நீங்கள் நினைக்கும் நீலவானமும் வெள்ளைமலையும் காலண்டரில் இருப்பவை. மக்கள் நெருக்கமாக வாழும் சமவெளியில், சூரிச், பேர்ன் பக்கமெல்லாம், நவம்பரிலிருந்து ஜனவரி வரை தலைக்குமேல் சாம்பல் நிறத்தில் ஒரு மூடி. வாரக்கணக்கில் சூரியனைப் பார்க்க முடியாது. குளிர்காற்று கீழே தங்கிவிடும், வெதுவெதுப்பான காற்று அதன்மேல் மூடிபோல உட்கார்ந்துகொள்ளும், இரண்டுக்கும் நடுவில் மேகம். மேலே ஏறிப்போனால் வெயில் கொளுத்தும். அதனால் இங்கே வானிலை அறிக்கையில் மழை, வெப்பத்தோடு இன்னொரு எண்ணும் சொல்வார்கள்: மூடுபனியின் மேல்மட்டம் இன்றைக்கு எத்தனை மீட்டர். 800 என்றால் 870 மீட்டர் உயர ஊட்லிபெர்க் போதும், சூரிச்சிலிருந்து ரயிலிலேயே ஏறிவிடலாம். 1,000 என்றால் ஊட்லிபெர்க்கும் மூடிக்குள்தான், ரிகி மாதிரி பெரிய மலைக்குப் போகவேண்டும். முதல் வருஷம் இந்தக் கணக்கு தெரியாமல் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஊட்லிபெர்க் ஏறி, கீழே இருந்த அதே சாம்பலை மேலேயும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். இப்போது காலையில் எழுந்ததும் அந்த எண்ணைத்தான் பார்க்கிறேன். மேலே போய்விட்டால் கால்மாட்டில் பஞ்சுக்கடல், அதற்கு அந்தப்பக்கம் ஆல்ப்ஸ் வரிசையாக. பெஞ்சில் முகத்தை வெயிலுக்குக் காட்டி, கண்ணை மூடி, வற்றல் காய்கிற மாதிரி ஜனங்கள் உட்கார்ந்திருப்பார்கள். நீங்களும் உட்காருங்கள், யாரும் பேசமாட்டார்கள்.

பேசமாட்டார்கள் என்பதுதான் இங்கே வரும் வெளிநாட்டுக்காரர்களின் முதல் புகார். கம்பெனிகள் நடத்தும் பண்பாட்டுப் பயிற்சி வகுப்பில் ஓர் உவமை சொல்வார்கள். சிலர் பீச் பழம் மாதிரி, மேலே மெத்தென்று இருப்பார்கள், உள்ளே கொட்டை. சுவிஸ்காரர்கள் தேங்காய் மாதிரி, ஓடு கெட்டி, உடைத்துவிட்டால் இனிப்பு. மனைவியின் வகுப்பில் இதைச் சொன்னபோது, தேங்காய் உடைப்பதை எங்களுக்கா சொல்லித்தருகிறீர்கள் என்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். ஆனால் இந்தத் தேங்காயை அருவாளால் உடைக்க முடியாது. அதுவாக விரிசல் விடும் நாள் எதுவென்று தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். குளிர்காலத்தில் அப்படிச் சில நாட்கள் இருக்கின்றன.

எனக்கு அந்தத் தேங்காய் விரிசல் விட ஆரம்பித்தது துணி துவைக்கும் அறையில்.

இங்கே பல அடுக்குமாடிகளில் வீட்டுக்குள் வாஷிங் மெஷின் இருக்காது. நிலவறையில் பொதுவாக ஒன்று இருக்கும், யாருக்கு எந்த நாள் என்று அட்டவணை இருக்கும். எங்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அடுத்தவர் நாளில் துவைப்பது மகாபாவம். உலர்த்தும் மெஷினின் வடிகட்டியில் பஞ்சை எடுக்காமல் போவது அதைவிடப் பாவம். இரண்டையும் முதல் மாதத்திலேயே செய்துமுடித்திருந்தேன். கீழ்வீட்டுப் பாட்டியின் கையெழுத்தில் கதவில் ஒரு சீட்டு. மிக மரியாதையான ஜெர்மனில், ஒவ்வொரு சொல்லும் ஊசி.

இரண்டாவது குளிர்காலம். அதே கதவில் இன்னொரு தாள்: 1 முதல் 24 வரை எண்கள், எதிரே காலி இடம். அட்வென்ட் ஜன்னல். டிசம்பர் 1 முதல் கிறிஸ்துமஸ் முந்தின நாள் வரை, தினம் ஒரு வீடு தன் தெருப்பக்க ஜன்னலை அலங்கரித்து விளக்கேற்றும். ஜன்னலில் அன்றைய தேதி எங்காவது தெரியவேண்டும். ஏற்றியது ஏற்றியபடியே இருக்க, நாளுக்கு ஒன்றாகத் தெரு நிறையும். விருப்பமிருந்தால் அன்று சாயங்காலம் வாசலில் சூடாக ஏதாவது கொடுக்கலாம். 16 காலியாக இருந்தது. டிசம்பர் 16, பெரும்பாலும் மார்கழி பிறக்கும் நாள். யோசிக்காமல் எழுதிவிட்டு மேலே வந்தேன். “ஏங்க, யாரும் வரலைன்னா?” என்றாள் மனைவி. அதுவரை எனக்கு அது தோன்றவேயில்லை.

மார்கழி என்றால் கோலம். ஜன்னலில் எப்படிப் போடுவது? கறுப்பு அட்டையில் பதினைந்து புள்ளி நேர்வரிசைக் கோலத்தை வரைந்து, கோடுகளுக்கு இடைப்பட்டதை வெட்டியெடுத்து, பின்னால் வண்ணத் தாள் ஒட்டினோம். சிக்குக்கோலத்தை வெட்டினால் அட்டையே துண்டு துண்டாக விழுந்துவிடும் என்பதை ஓர் அட்டை வீணான பிறகு தெரிந்துகொண்டேன். நடுவில் 16. கொண்டைக்கடலை சுண்டல் ஒரு பெரிய அண்டா, தேங்காயும் மாங்காயும் போட்டு. (மாங்காய்க்குச் சூரிச் தமிழ்க்கடை. விலையைக் கேட்காதீர்கள்.) பெரிய பிளாஸ்கில் சுக்குக் காபி.

ஆறு மணிக்கு விளக்கைப் போட்டோம். ஆறு ஐந்துக்கு யாருமில்லை. ஆறு பத்துக்குப் பார்த்தால் முப்பது பேர். எல்லோரும் தெருமுனையிலேயே நின்று, யார் முதலில் போவது என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்! அந்தக் குளிரில் வாசலில் நின்று, சுக்குக் காபியில் கண் கலங்கி, சுண்டலைக் கிண்ணம் கிண்ணமாகத் தின்றார்கள். ஒரு வருஷமாக முகம் பார்க்காதவர்களெல்லாம் தங்கள் பெயரைச் சொல்லிக் கைகொடுத்தார்கள். எதிர்வீட்டுக்காரர் தன் பக்கத்து வீட்டுக்காரரிடம் கைகொடுத்துப் பெயர் சொன்னதைப் பார்த்தபோதுதான், ஓடு எங்களுக்காக மட்டும் கெட்டியாக இல்லை என்று புரிந்தது.

கீழ்வீட்டுப் பாட்டி கடைசியாக வந்தார். எண்பத்துமூன்று வயது. கோலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், புள்ளிகளை விரலால் எண்ணினார், எண்ணிக்கை சரியா என்று என்னிடம் கேட்டார். சரிதான். அப்புறம் சுக்குக் காபிக் குவளையை உயர்த்தி, தன் முதற்பெயரைச் சொல்லி, இனிமேல் ‘டூ’ என்று சொல்லலாம் என்றார்.

ஜெர்மன் தெரியாதவர்களுக்கு: ‘ஸீ’ என்றால் நீங்கள், ‘டூ’ என்றால் நீ. ‘ஸீ’யிலிருந்து ‘டூ’வுக்கு மாறுவது சாதாரணக் காரியமல்ல. மூத்தவர்தான் முதலில் சொல்லவேண்டும், சொன்னால் அது ஒரு கௌரவம், மறுக்கக்கூடாது. என் சங்கடம் இவர்களுக்கு எப்படிப் புரியும்? எண்பத்துமூன்று வயதுப் பாட்டியை ‘நீ’ என்று கூப்பிட என் நாக்கு புரளுமா? தலையாட்டிவிட்டேன். அன்று முதல் அவரிடம் பேசும்போது முன்னிலையே வராமல் வாக்கியம் அமைக்கிறேன். “காய்கறிப் பை கனமாக இருக்கிறதோ? மேலே கொண்டுவந்து வைக்கட்டுமா?” புருஷன் பேரைச் சொல்லாமல் அறுபது வருஷம் குடும்பம் நடத்திய எங்கள் அப்பத்தாவின் இலக்கணம் ஜெர்மனிலும் செல்லுபடியாகிறது.

எங்கெங்கே போய்ப் பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்குச் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நவம்பர் நான்காம் திங்கள் பேர்னில் வெங்காயச் சந்தை. சரம் சரமாகப் பின்னிய வெங்காயம் டன் கணக்கில். விடிவதற்குள் போனால் சந்தை, பத்து மணிக்குமேல் போனால் கூட்டம்தான். டிசம்பர் 5-ம் தேதி வாக்கில் ரிகி மலையடிவாரத்தில் குஸ்நாக்ட் ஊரில், ஆளுயரத்துக்கும் மேலான பிஷப் தொப்பிகளை அட்டையில் வெட்டி, உள்ளே விளக்கேற்றி, தலையில் சுமந்து ஆடுவார்கள். பின்னால் நூற்றுக்கணக்கில் மாட்டுமணிகள். அந்தச் சத்தம் மறுநாளும் காதில் இருக்கும். டிசம்பர் 12 வாக்கில் ஜெனீவாவின் எஸ்கலாட். 1602-ல் சவாய் படை இரவில் ஏணி வைத்து மதில் ஏற, ஒரு பெண்மணி கொதிக்கும் சூப் பானையைத் தலையில் கவிழ்த்தார் என்பது கதை. அதன் நினைவாகச் சாக்லெட்டில் பானை செய்து, வீட்டில் மூத்தவரும் இளையவரும் சேர்ந்து உடைப்பார்கள். கிறிஸ்துமஸ் சந்தைகளைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயமில்லை. ஊருக்கு ஊர் அதே மரக்குடில், அதே மசாலா போட்ட சூடான ஒயின், குவளைக்கு டெபாசிட். ஒருமுறை போதும்.

இதையெல்லாம் பார்த்ததில் ஒன்று கவனித்தேன். இவர்களுக்கு இருட்டின் மேலும் விடியாத காலையின் மேலும் ஒரு மோகம். வெங்காயச் சந்தைக்கு விடிவதற்கு முன், லூசெர்ன் கார்னிவலுக்கு ஐந்து மணி, பாசல் கார்னிவலுக்கு நாலு மணி. பகலில் வாய் திறக்காதவர்கள் அந்த நேரத்தில் முகமூடி போட்டுக்கொண்டு கத்துகிறார்கள். மார்கழி விடியலில் தலைக்கு மப்ளர் கட்டிக்கொண்டு பஜனை போன ஊரிலிருந்து வந்தவனுக்கு இது ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை.

அதில் ஊர்நேஷுக்குத் தனியாக ஒரு பத்தி ஒதுக்கியாக வேண்டும். அப்பன்செல் மலைப்பக்கத்து ஊர். இங்கே புத்தாண்டு முந்தின நாளை இரண்டுமுறை கொண்டாடுகிறார்கள்: டிசம்பர் 31, மறுபடி ஜனவரி 13. காரணம் பழைய ரோஷம். 1582-ல் போப் கிரகோரி காலண்டரைத் திருத்தியபோது, நாங்கள் புராட்டஸ்டன்ட், போப் சொன்னால் தேதியை மாற்றிக்கொள்வோமா என்று ஒதுங்கிவிட்டார்கள். பழைய காலண்டரின் டிசம்பர் 31 இப்போது ஜனவரி 13-ல் விழுகிறது. போன ஜனவரியில் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். நம் போகியும் 13 அல்லது 14-ல்தானே வருகிறது, பொருத்தமாக இருந்தது.

ஒரு பண்ணைவீட்டு முற்றத்தில் காத்திருந்தோம். பனியில் தூரத்திலிருந்து மணிச்சத்தம். ஆறேழு பேர் வரிசையாக வந்தார்கள், எல்லோரும் ஆண்கள், சிலர் பெண்வேஷம். அழகானவர்கள் என்ற வகையினர் தலையில் ஒரு சின்ன உலகத்தையே சுமக்கிறார்கள்: மாடு கறக்கிற பொம்மை, மரம் அறுக்கிற பொம்மை, எல்லாம் கையால் செதுக்கியவை. அசிங்கமானவர்கள் என்றொரு வகை. வைக்கோல், ஊசியிலைக் கிளை, பல்லை நீட்டிய முகமூடி. குதித்து மணியை உலுக்கிவிட்டு, சட்டென்று நிறுத்தி, வட்டமாக நின்று ஒரு பாட்டு. அதில் சொல்லே கிடையாது. தொண்டையிலிருந்து மெதுவாக எழும் ஒரு இழுப்பு, அதன்மேல் இன்னொன்று, இன்னொன்று. எனக்கு ஆலாபனை நினைவுக்கு வந்தது, ஆனால் இத்தனை பேர் சேர்ந்து செய்யும் ஆலாபனையை நான் கேட்டதில்லை. பாடி முடித்ததும் வீட்டுக்காரர் தட்டில் ஒயின் கொண்டுவந்தார். முகமூடியைக் கழற்றக்கூடாதே, ஆகவே ஒவ்வொருவருக்கும் ஸ்ட்ரா! அத்தனை கம்பீரமான வேஷத்தில், மாடு கறக்கும் பொம்மை தலையில் ஆட, ஸ்ட்ராவில் ஒயின் உறிஞ்சினார்கள். வீட்டுக்காரருக்குக் கைகொடுத்துப் புத்தாண்டு வாழ்த்திவிட்டு அடுத்த வீட்டுக்கு. எங்களுக்கும் கைகொடுத்தார்கள். மகள் பதிலுக்குத் தமிழில் “ஹாப்பி பொங்கல்” என்றாள். தமிழில் என்று அவள்தான் சொல்கிறாள்.

போகியில் எரிப்பதுபோல எதையும் அங்கே எரிப்பதில்லை. அந்த வேலையைச் சூரிச் ஏப்ரலுக்கு வைத்திருக்கிறது. மாலை ஆறு மணிக்கு விறகுக் குவியலின் உச்சியில் ‘பூக்’ என்ற பஞ்சுப் பனிமனிதனை வைத்துக் கொளுத்துவார்கள். தலைக்குள் வெடி. தலை சீக்கிரம் வெடித்தால் கோடை நன்றாக இருக்குமாம். 2003-ல் ஐந்து நிமிஷம் 42 விநாடியில் வெடித்தது, அந்தக் கோடையில் ஐரோப்பாவே வெந்தது. 2023-ல் 57 நிமிஷம் எடுத்துக்கொண்டது. 2024-ல் காற்று பலமென்று அன்றைக்குக் கொளுத்தவேயில்லை. குளிர்காலத்துக்கு விடைகொடுக்கும் சடங்கையே குளிர்காற்று நிறுத்திவிட்டதை என்னவென்று சொல்வது!

இனி பாசல்.

கத்தோலிக்க ஊர்களின் கார்னிவல் சாம்பல் புதனோடு முடிந்துவிடும், அப்புறம் தவக்காலம். பாசலில் அதற்கடுத்த திங்கள்தான் ஆரம்பம். காலை நாலு மணிக்குத் தொடங்கி வியாழன் காலை நாலு மணிக்கு முடியும், சரியாக 72 மணி நேரம். யுனெஸ்கோ பட்டியலில் 2017-ல் சேர்த்தார்கள். நாடெங்கிலுமிருந்து இரவு ரயில் விடுவார்கள். முதல் தடவை போகும்போது, அட்லிஸ்வில் முருகன் கோயிலில் பழக்கமான ஓர் அண்ணை போனில் வழிசொன்னார். யாழ்ப்பாணத்துக்காரர். பாசலில் ஓர் உணவகத்தில் சமையல்.

“தம்பி, மூண்டு மணிக்கே வந்து நில்லும். நாலு மணிக்கு வந்தால் ஆக்களின்ரை முதுகுதான் பாக்கலாம். முடிஞ்ச உடனை பின்கதவாலை வாரும்.”

நின்றேன். தேவாலய மணி நாலு அடித்தது, நகரத்தின் தெருவிளக்கு மொத்தமும் அணைந்தது. ஒரு விநாடி மூச்சுக்கூடக் கேட்கவில்லை. எங்கோ ஒரு குரல் ஒற்றை உத்தரவு போட, ஒவ்வொரு சந்திலிருந்தும் ஒரே நேரத்தில் பறையும் குட்டிப் புல்லாங்குழலும் கிளம்பின. எல்லாக் குழுவும் அதே மெட்டு, ஆனால் ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்பின்னாக. வீடு அளவுக்குப் பெரிய, சித்திரம் தீட்டிய விளக்குக் கூடுகள் இருட்டில் மிதந்து வந்தன. அதன் பின்னால் தலையில் சின்ன விளக்கோடு முகமூடிகள். நம் தவில் மாதிரி துள்ளுகிற தாளமில்லை. மெதுவான, இறுக்கமான நடை. மிரட்டுகிறது என்றுதான் சொல்வேன்.

பார்க்க வந்தவர்கள் வேஷம் போடக்கூடாது என்பது அங்கே எழுதாத விதி. வேஷம் போடுகிறவர்கள் வருஷம் முழுக்கக் குழுவாகப் பழகுகிறவர்கள், நாம் ஓரமாக நிற்பவர்கள். நடுவில் கோடு தெளிவு. ஓரமாக நின்றது போதுமென்று ஐந்து மணிக்குப் பின்கதவைத் தட்டினேன்.

அந்த மூன்று நாளும் பாசலில் சாப்பாடு மாவு சூப். கோதுமை மாவை எண்ணெய் இல்லாமல் வறுத்து, வெங்காயம் சேர்த்து, எலும்புச் சாறில் மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, சீஸ் தூவித் தருவார்கள். அண்ணை எனக்கென்று மரக்கறிச் சாறில் தனியாக ஒரு சட்டி வைத்திருந்தார். இன்னொரு அடுப்பில் மாவு வறுபட்டுக்கொண்டிருந்தது. மரக்கரண்டி நிற்கவேயில்லை, பேசும்போதும்.

“மா கறுக்கவும் கூடாது, வெளுக்கவும் கூடாது தம்பி. நடுவிலை ஒரு நிறம் இருக்கு. அந்த நிறம் வாறதுக்கு அரை நிமிசத்துக்கு முதலே இறக்கிப்போட வேணும். சட்டிச் சூட்டிலை மிச்சம் வரும்.”

நான் வெளியே பார்த்ததையெல்லாம் உற்சாகமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், “நான் இதுவரைக்கும் பாத்ததில்லை” என்றார். “முப்பத்திமூண்டு வருசமா இந்த மூண்டு நாளும் நான் அடுப்படியிலைதான். ஆனால் சத்தம் கேக்கும். எந்தக் குழு போகுதெண்டு சத்தத்திலையே சொல்லிப்போடுவன்.” சொல்லிவிட்டுக் காதைத் தூக்கினார். வெளியே ஒரு பறைச்சத்தம் நெருங்கியது. ஒரு பெயரைச் சொன்னார். தட்டு எடுக்க வந்த பாசல்காரப் பையன் ஜன்னலில் எட்டிப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினான்.

ஒன்று உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன். கம்பெனி ஒப்பந்தத்தில் வந்த என் மனைவிக்கும் ஒட்டிக்கொண்டு வந்த எனக்கும் இங்கே ‘எக்ஸ்பாட்’ என்று பெயர். போர்க்காலத்தில் வந்து, மூன்று பிள்ளைகளை வளர்த்து, பாசலின் மாவு சூப்பை முப்பத்துமூன்று வருஷமாகக் காய்ச்சும் அண்ணைக்கு ‘வெளிநாட்டவர்’ என்று பெயர். அந்த அடுப்படியில் நின்றபோது எங்களில் யார் விருந்தாளி என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

பாசலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அவ்வருஷத்துச் சின்னத்தை, செம்பிலோ வெள்ளியிலோ, வாங்கிக் கோட்டில் குத்திக்கொள்ளுங்கள். திருவிழாச் செலவுக்கான பணம் அது. பத்து பிராங்கை மிச்சம்பிடிக்க நினைத்தேன். மத்தியான ஊர்வலத்தில் பெருமூக்கு முகமூடி ஒன்று வண்டியிலிருந்து இறங்கிவந்து, அன்பாகத் தோளில் கைபோட்டு, என் கோட்டைத் தடவிச் சின்னத்தைத் தேடியது. இல்லை. அடுத்த நொடி என் சட்டைக் காலருக்குள் அரைக்கிலோ காகிதத்தூள். எல்லாம் ஒரே பச்சை. கலர் கலந்த தூளைத் தெருவில் பொறுக்கியது என்று மதிப்பதில்லை, அதனால் பை பைக்கு ஒரே நிறம். வண்டியிலிருந்து பாட்டுச்சீட்டும் கொடுத்தார்கள், பாசல் வழக்கில் அந்த வருஷ அரசியல் நையாண்டி. மகள் படித்து விழுந்து விழுந்து சிரித்தாள். என்னவென்று கேட்டேன். “அப்பா, விளக்கினா சிரிப்பு வராது” என்றாள். இந்தச் சில வருஷத்தில் அவள் எந்தப் பக்கம் போய்ச்சேர்ந்துவிட்டாள் என்பதை அதற்குமேல் யார் சொல்லவேண்டும்?

பச்சைத்தூள் வீட்டில் மாதக்கணக்கில் உதிர்ந்தது. போன வாரம் குளிர்கோட்டை வெளியே எடுத்தபோது பையில் இன்னும் இரண்டு துணுக்கு.

அதோடுதான் துணி துவைக்கக் கீழே இறங்கினேன். கதவில் இந்த வருஷத்து அட்டவணை ஒட்டியிருந்தது, 1 முதல் 24 வரை, ஏறக்குறைய எல்லாமே காலி. 16-க்கு எதிரே மட்டும் யாரோ எங்கள் பெயரை ஏற்கெனவே எழுதியிருந்தார்கள், ஓர் எழுத்துப் பிழையோடு. கையெழுத்து தெரிந்ததுதான், முதல் வருஷம் ஊசி குத்திய அதே கை. பெயருக்குக் கீழே பென்சிலில் சின்னதாக: கொண்டைக்கடலை, போன தடவையைவிட அதிகம்.

போன தடவை நாலு கிலோ ஊறவைத்தேன். ஆறு போதுமா என்று தெரியவில்லை. கீழே போய்க் கேட்கலாம்தான், முன்னிலை வராமல் அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.